இந்தத் தோலுக்கு நீலம் எடுக்காதாம்

"ப்ளூ எடுக்காது ப்ரோ. உங்க ஸ்கின் டோனுக்கு ப்ளாக் மட்டும்தான் செட் ஆகும்."

எங்கள் பக்கத்து ஊர் டாட்டூ கடையில் கேட்டது இது. எங்கள் காலனியின் மாலை வகுப்பில் பாடம் சொல்லித் தரும் தம்பி ஒருவனோடு போயிருந்தேன். இடது முன்கையில் அண்ணலின் படம் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு வருடமாகப் பணம் சேர்த்திருந்தான். முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கோட்டு நீலமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் போட்ட நிபந்தனை. கடைக்காரர் அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்தான் மேலே இருப்பது. சொன்னவரும் எங்களைப் போலவே கறுப்பு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுத்தந்தவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு வரை தம்பி பேசவில்லை. பிறகு கேட்டான்: "ஏங்க்கா, நீலம்கூடவா நமக்கு இல்ல?"

அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தவைதான் இங்கே இருப்பவை.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டாட்டூ மை தோலின் மேல் உட்காருவதில்லை. ஊசி அதை மேலடுக்கைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடுக்கில் கொண்டுபோய் வைக்கிறது. நம் நிறத்துக்குக் காரணமான மெலனின் இருப்பது மேலடுக்கில். ஆகவே நாம் பார்ப்பது மையை அல்ல, மெலனின் என்கிற பழுப்புக் கண்ணாடி வழியாகத் தெரியும் மையை. (நிறம் உண்டாக்கும் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. இவ்வளவு சின்ன விஷயத்தின் மேல் எவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள்.)

பழுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெளிர்நிறங்கள் நிற்காது. வெள்ளை மை ஆறிய பிறகு தழும்புபோல் தெரியும். மஞ்சள் மங்கிப் பழுப்போடு கலந்துவிடும். வான நீலம் சாம்பலாகும். ஆனால் அடர் நிறங்கள் நிற்கும். அடர் சிவப்பு, ஆழ்ந்த பச்சை, ஆரஞ்சு, அடர் நீலம் எல்லாம் நம் தோலில் தெரியும். வெள்ளைத் தோலில் தெரிவதுபோல் தெரியாது என்பது சரி. ஆனால் 'வெள்ளைத் தோலில் தெரிவதுபோல்' என்பதை அளவுகோலாக வைத்தது யார்? 'எடுக்காது' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இந்த மண்ணில் தோலில் மை ஏற்றுவது புதிய பழக்கம் இல்லை. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரையே கவனியுங்கள். பச்சை. குத்துவதென்னவோ கரி மை. கரியைக் குத்திவிட்டுப் பச்சை என்கிறோம். தமிழில் மட்டுமில்லை. மலையாளத்தில் பச்சகுத்தல், தெலுங்கில் பச்சபொட்டு, கன்னடத்தில் ஹச்சே. அந்த ஹச்சேயும் பழைய பகரம் ஹகரமான நம் பச்சைதான். கரித்துகள் தோலுக்கு அடியில் போனதும், ஒளி சிதறும் விதத்தால் நீலம் பாய்ந்தாற்போல் தெரிகிறது. மேலே இருக்கும் பழுப்பு அந்த நீலத்தில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ள, கண்ணுக்கு எட்டுவது பச்சையாக எட்டுகிறது. அதாவது இந்தப் பெயரை வைத்தவர்கள் சட்டியில் இருந்த மையைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. மாநிறத்துக் கையிலும் கறுத்த கையிலும் அது என்னவாகத் தெரிந்ததோ, அதைப் பார்த்து வைத்தார்கள். தென்னிந்தியாவின் நான்கு மொழிகளிலும் தோலின் நிறத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே இந்தக் கலைக்குப் பெயர் வந்திருக்கிறது.

என் ஆயாவின் இரண்டு கைகளிலும் பச்சை இருக்கிறது. வலது கையில் புள்ளிக் கோலம். இடது கையில் தேள். மோவாயில் ஒற்றைப் புள்ளி. ஏழெட்டு வயதில் குத்தியது. அறுவடை முடிந்த மாதங்களில் பச்சை குத்துகிற குறத்தி ஊருக்கு வருவார் என்றும், தெருவுக்குள் வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார் என்றும், வலி தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே குத்துவார் என்றும் ஆயா சொல்லும். கூலி அரிசி, இல்லாவிட்டால் கம்பு.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்கிற ஏழு தொகுதி நூலில், குறவர்களைப் பற்றிய பகுதியில் இந்த மையின் செய்முறை இருக்கிறது. மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்ட வேண்டும். அந்தத் திரியை விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே புதுச் சட்டியைக் கவிழ்க்க வேண்டும். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கூலி புள்ளிக்குக் காலணாவில் தொடங்கிப் பெரிய வேலைக்குப் பன்னிரண்டு அணா வரை. பட்டணத்துக்கு வெளியே அரிசியாகக் கொடுத்தார்கள். ஆயா சொன்ன அதே அரிசி.

இதை வெறும் பாட்டி வைத்தியம்போல் கடந்துவிட முடியாது. விளக்குக்கரி என்பது மிக நுண்ணிய துகள். இன்றைய கறுப்பு டாட்டூ மையிலும் அடிப்படை கரிதான். வெயிலில் வெளுக்காது, எந்தத் தோலிலும் தெரியும், எந்த வீட்டிலும் செய்யலாம். வடிவங்களும் அப்படியே. பச்சையில் நிழல் தீட்டல் கிடையாது. புள்ளியும் கோடும்தான். இரண்டு கோடுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுவார்கள். காலப்போக்கில் மை கொஞ்சம் பரவும் என்பது தெரியும், மென்மையான சாயல்கள் கறுத்த தோலில் தெரியாது என்பதும் தெரியும். அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆயாவின் கையில் தேளின் கொடுக்கை எண்ண முடிகிறது. போன வருடம் என் தோழி மெல்லிய கோட்டில் போட்டுக்கொண்ட பறவை இப்போதே கொசு மாதிரி ஆகிவிட்டது.

ஆக, கறுத்த தோலை நன்றாக அறிந்த ஒரு தொழில்நுட்பம் இங்கே இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ஊர் ஊராக அலைந்த குறவர் பெண்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர்களின் பல பிரிவுகள் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டன. பதிவு செய்யப்பட்டவர் காவல் நிலையத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அலைந்தால்தான் தொழில் என்றிருந்த மக்களுக்கு அலைவதே குற்றமானது. 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதும் சட்டம் நீங்கியது. காவல் நிலையங்களின் மனசிலிருந்து அது நீங்கிவிட்டதா என்பதைக் குறவர் மக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். தமிழரின் பழந்தமிழ் டாட்டூ என்று சங்க இலக்கியத்துத் தொய்யிலைக் காட்டும் பதிவுகள் இணையத்தில் நிறைய வருகின்றன. தொய்யில் என்பது குழம்பால் தோளிலும் மார்பிலும் எழுதும் கோலம். எழுதியது அழியும். பச்சை வேறு. நம் பெருமைக்கு இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை, இருப்பதே போதும்.

பச்சையைப் போற்றி மட்டும் எழுதவும் எனக்கு மனமில்லை. ஆயாவை யாரும் கேட்டுவிட்டுக் குத்தவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் குத்தினார். பெண்பிள்ளைகளின் உடம்பு எப்போதும் மற்றவர்கள் முடிவெடுக்கும் இடம்தான், சேரியிலும் அப்படித்தான். இன்னும் ஒன்று: பச்சையை எல்லாச் சாதிப் பெண்களும்தான் குத்திக்கொண்டார்கள். அதைத் தலித்துகளின் தனிச்சொத்து என்று சொன்னால் அது வரலாறாகாது.

ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காகவா குத்திக்கொண்டார்கள்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தம் நூலில் அந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக் கூடாது. பூ வைக்கவும் மஞ்சள் பூசவும் கூடாது. ஆண்கள் குடையும் செருப்பும் பயன்படுத்தக் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு, பதினொன்றாகிவிட்டது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இந்தப் பட்டியலை மெதுவாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நகையைக் கழற்றச் சொல்லலாம். பூவைப் பிடுங்கலாம். மஞ்சளைக் கழுவச் சொல்லலாம். பச்சையைக் கழற்ற முடியாது. பச்சை பட்டியலில் இல்லை. "வளையல் போட்டா புடுங்குவான். இத எப்பிடிப் புடுங்குவான்?" என்று ஆயா ஒரு முறை சொன்னது, இந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆயாவின் ஊர் இராமநாதபுரம் இல்லை. ஆனாலும் எழுதப்படாத பட்டியல் எங்கள் பக்கத்திலும் இருந்தது. மற்றவர்களுக்கு நகையோடு நகையாக இருந்த பச்சை, எங்கள் பெண்களுக்கு நகையாகவே இருந்தது என்பது என் எண்ணம். இதற்கு ஆவணம் கேட்டால் ஆயாவின் கைதான் என்னிடம் இருக்கிறது.

பட்டியலில் கோட்டு இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். தம்பி ஏன் முகத்தைவிடக் கோட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டான் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நீலம் ஏன் என்பதும் தெரிந்ததே. 1942இல் அண்ணல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். இன்று நாட்டின் எந்தச் சேரியில் சிலை வைத்தாலும் கோட்டுக்கு அடிப்பது அந்த நிறம்தான்.

வடக்கே இந்தக் கதை வேறு மாதிரி போகிறது. அங்கே பச்சைக்குக் 'கோதனா' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அந்தப் பெயரையே தண்டனைக்கு வைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தைக் குத்தினார்கள். 1849இல்தான் அது நிறுத்தப்பட்டது. கறுத்த நெற்றியில் கறுப்பு மை தெரியாதே என்று அப்போது எந்த அதிகாரியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குறி வைக்க வேண்டும் என்றால் எந்தத் தோலிலும் மை எடுக்கும்.

அதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைய சத்தீஸ்கரில், சமார் சாதியைச் சேர்ந்த பரசுராம் என்பவர் கோயிலுக்குள் விடாதவர்களுக்குப் பதிலாகத் தம் உடம்பையே கோயிலாக்கிக்கொண்டார். அவர்வழி வந்த ராம்நாமிகள் முகம், தலை, கண்ணிமை உட்பட உடம்பெங்கும் ராம் என்று குத்திக்கொண்டார்கள். கடவுளின் பெயரைச் சொல்லாதே என்றவர்களுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. ராமனை விட்டு வெளியே வா என்று சொன்ன அம்பேத்கரின் வழியில் நிற்கும் எனக்கு அந்தப் பதிலோடு உடன்பாடில்லை. ஆனால் அந்தத் துணிச்சலை மதிக்காமல் இருக்க முடியவில்லை. பழுப்புத் தோல், கரி மை, இடைவெளி விட்ட எழுத்துகள். புகைப்படங்களில் இன்றும் படிக்கும்படி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பீகார்க் கதை. மதுபனி ஓவியம் என்றால் பொதுவாகப் பிராமண, காயஸ்தப் பெண்கள் சுவரில் வரைந்த தெய்வங்கள்தான் நினைவுக்கு வரும். 1970களில் அந்தக் கலைக்குச் சந்தை வந்தபோது துசாத் சாதிப் பெண்களுக்கு அந்தத் தெய்வங்களும் இல்லை, அந்தப் பாணியும் இல்லை. அவர்களிடம் இருந்தது கையில் குத்திய கோதனா. எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானிடவியலாளர் தூண்ட, ஜித்வார்பூரைச் சேர்ந்த சானோ தேவி முதலானோர் கையில் இருந்த புள்ளிகளையும் கோடுகளையும் வட்டங்களையும் காகிதத்துக்கு மாற்றினார்கள். தங்கள் வீரன் ராஜா சல்ஹேசின் கதையை அதில் வரைந்தார்கள். முதலில் கறுப்பில்தான் வரைந்தார்கள், தோலில் இருந்தது அந்த ஒரு நிறம்தானே. பிறகு பூவிலிருந்தும் இலையிலிருந்தும் சாயம் எடுத்து நிறங்களைக் கொண்டுவந்தார்கள். ஒற்றை நிறம் என்பது அந்தப் பெண்களின் ரசனைக் குறைவு இல்லை. கிடைத்த பொருளுக்கும் இருந்த தோலுக்கும் பொருந்திய முடிவு அது. பொருள் மாறியதும் முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

இன்றைய டாட்டூ கடைக்குப் பாட்டன் வேறு. 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சார டாட்டூ எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு கப்பல்காரர்களும் சிப்பாய்களும் கூடும் துறைமுகங்களில் கடைகள் பெருகின. சுவரில் மாட்டிய வெள்ளைத் தாளில் ரோஜா, நங்கூரம், கழுகு எல்லாம் வண்ணத்தில் வரைந்திருக்கும். வந்தவர் விரலை நீட்டிக் காட்டினால் அதை அப்படியே கையில் போட்டுவிடுவார்கள். தாளும் வெள்ளை, கையும் ஏறத்தாழ வெள்ளை. ஆகவே தாளில் இருந்தது கைக்கு வந்தது. தோல் என்றால் வெள்ளைத் தாள் என்ற எண்ணம் அந்தத் தொழிலுக்குள் அப்படித்தான் போய் உட்கார்ந்தது. மையின் நிற அட்டைகள் இன்றும் வெள்ளைத் தாளில்தான் அச்சாகின்றன. நாங்கள் போன கடையில் பழகுவதற்காக வைத்திருந்த செயற்கைத் தோல் பீச் பழ நிறத்தில் இருந்தது. அந்த ஊரில் அந்த நிறத்தில் ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

மருத்துவமும் இதற்கு விதிவிலக்கில்லை. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல், 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் ஒளிச் சிகிச்சைக்காக உருவாக்கியது. முதலில் அதில் இருந்தவை வெள்ளைத் தோலின் நான்கு வகைகள். பழுப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என இரண்டைப் பிறகுதான் சேர்த்தார்கள். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பிற்சேர்க்கையில் அடங்குகிறோம்.

இந்த அறியாமைக்கு விலை உண்டு. கறுத்த தோலில் அழுத்திக் குத்தினால்தான் தெரியும் என்று நம்பும் டாட்டூக்காரர்கள் இருக்கிறார்கள். அழுத்தினால் நிறம் கூடாது, தழும்புதான் மிஞ்சும். கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பும் அதிகம், முக்கியமாக மார்பிலும் தோளிலும். அழிக்கப் போனாலும் இதே பிரச்சினை. கல்யாணம் பேசும்போது அம்மா குத்திவிட்ட பச்சையை எடுத்துவிட்டு வரச் சொன்னதால் லேசர் மையத்துக்குப் போன ஒரு பெண்ணை என் வேலையில் சந்தித்திருக்கிறேன். கரி மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் நம் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. சிவப்பு மையை எடுக்கும் 532 நானோமீட்டர் ஒளியை மெலனினும் சேர்ந்து விழுங்கும். தோல் வெந்து, பச்சை இருந்த இடத்தில் வெளுத்த திட்டு வரலாம். அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் வந்தது. என்ன லேசர், எத்தனை அலைநீளம் என்று கேட்கலாம் என்பதே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போகிறவர்கள் கேளுங்கள்.

தர்ஸ்டனிடம் திரும்ப வருகிறேன். பச்சை மையின் செய்முறையைப் பொறுமையாகக் கேட்டு எழுதிய அதே மனிதர்தான் கருவிகளை எடுத்துக்கொண்டு போய் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதி இறங்கும் என்று ரிஸ்லி சொல்லிக்கொண்டிருந்த காலம். சாதியை உடம்பில் படிக்கலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அண்ணல் அந்த அளவுகளையே எடுத்து வைத்து, இவை நம்பத்தக்கவை என்றால் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றுதான் ஆகும் என்று காட்டினார். அதற்கு முன்பே, 1936இல், சென்னையின் பிராமணரும் பறையரும் ஒரே இனத்தவர் என்று எழுதியிருந்தார். அதாவது நிறத்தை வைத்துச் சாதி சொல்ல முடியாது. எங்கள் காலனியிலேயே எலுமிச்சை நிறத்தவரும் உண்டு, அக்கிரகாரத்தில் அட்டைக் கறுப்பும் உண்டு.

ஆனாலும் ஊர் என்ன செய்கிறது? சிவப்பாக இருக்கும் எங்கள் பெண்ணைப் பார்த்து "உன்னப் பாத்தா அப்படித் தெரியலயே" என்கிறது. கறுப்பாக இருக்கும் மேல்சாதிப் பையனைக் 'களையான கறுப்பு' என்கிறது. அண்ணல் நூலில் பொய்யென்று நிறுவியதை, பெண் பார்க்கும் கூடங்களும் அழகுக் கிரீம் விளம்பரங்களும் தினம்தினம் உண்மையாக்கிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் 'உங்க ஸ்கின் டோனுக்கு' என்ற சொல் ஒரு தொழில்நுட்பத் தகவலாக மட்டும் எங்கள் காதில் விழுவதில்லை. எதற்கெல்லாம் தகுதியில்லை என்று ஏற்கெனவே வாசித்துக் காட்டிய பட்டியலில் இன்னொரு வரியாக விழுகிறது.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்கள் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்ன காலத்தில் குத்திக்கொண்டவர். கொடியின் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் எதுவும் அவர் கையில் தெரியாது. இரட்டை இலை மட்டும் பச்சையாக, அச்சு அசலாக இருக்கும். "எனக்குன்னே அந்தச் சின்னம் கெடச்சுதுடா" என்று காட்டுவார்.

தம்பி அந்தக் கடையை விட்டுவிட்டான். சென்னையில் வேறொருவரைக் கண்டுபிடித்தான். அவர் நிற அட்டையை எடுக்கவே இல்லையாம். முழங்கைக்கு உட்புறம், வெளியே தெரியாத இடத்தில், மூன்று நீலங்களில் மூன்று புள்ளிகள் வைத்து அனுப்பினார். முழுக்க ஆறட்டும், இரண்டு மாதம் கழித்து வா, உன் தோல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றாராம். இரண்டு மாதத்தில் வான நீலம் சாம்பலாகிவிட்டது. நடுவில் இருந்தது மங்கியது. அடர் நீலம் நின்றது. சிலைகளுக்கு அடிக்கும் நீலத்தைவிட ஒரு படி ஆழம், ஆனால் வெயிலில் பார்த்தால் நீலம் என்று குழந்தையும் சொல்லும்.

கோட்டை அந்த நீலத்தில் போட்டார். மடிப்புகளுக்கு வெள்ளை மை எடுக்கவில்லை. அந்த இடங்களை மை படாமல் அப்படியே விட்டுவிட்டார். முகத்துக்கும் கறுப்புக் கோடு மட்டும்தான், மற்றதெல்லாம் தம்பியின் தோல். அதனால் அவன் கையில் அண்ணல் அவனுடைய நிறத்தில் இருக்கிறார்.

ஆறியதும் ஆயாவிடம் காட்ட வந்தான். ஆயாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அவன் கையை ஜன்னல் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தன் தேள் இருக்கும் கையால் தடவிப் பார்த்தது.

"நல்லா எடுத்திருக்கு. எத்தினி படி அரிசி குடுத்த?"